ஈரி கால்வாயும் உப்பு வரியும் - கடிதம்

வணக்கம் சார்,

ஈரி கால்வாய் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் பங்குச்சந்தையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒரு சந்தேகம். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைக்க நியூயார்க் மாநிலம் வெட்டிய அந்த 363 மைல் நீளக் கால்வாய்க்கு ஆன சுமார் 70 லட்சம் டாலர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நியூயார்க்கின் பெரிய முதலாளிகள் துணிந்து போட்ட பணம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அது அவ்வளவு லாபமான விஷயம் என்றால், அதைப் பார்த்துக் கால்வாய் வெட்டிய மற்ற மாநிலங்கள் ஏன் கடனைக் கட்ட முடியாமல் விழித்தன?

ஆர்.,
கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

பெரிய முதலாளிகள் பணம் போட்டது உண்மைதான். ஆனால் கால்வாயில் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தனியார் கம்பெனி வைத்துக் கால்வாய் வெட்டும் முயற்சி அதற்கு முன்பே நடந்திருந்தது. 1792ல் பிலிப் ஸ்கைலர் என்ற அரசியல்வாதியின் தலைமையில், நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் ஆற்றுப் பக்கம் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். நீர் வேகமாகப் பாயும் சில இடங்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் கால்வாய்கள் வெட்டியதோடு சரி. கடைசியில் மாநில அரசே அதை வாங்கிக்கொண்டது. மாசசூசெட்ஸில் 27 மைல் மிடில்செக்ஸ் கால்வாய் 1803ல் திறந்தது. பங்குதாரர்களிடம் திரும்பத் திரும்பப் பணம் கேட்டு வாங்கினார்கள். முதல் டிவிடெண்ட் வந்தது 1819ல். இதையெல்லாம் பார்த்த பணக்காரர் எவர் பையைத் திறப்பார்?

மத்திய அரசும் கைவிட்டது. 1817 மார்ச் 3, பதவியிலிருந்து இறங்குவதற்கு முந்தைய நாள், அமெரிக்க அதிபர் மேடிசன் கால்வாய்களுக்கும் சாலைகளுக்கும் பணம் தரும் மசோதாவை நிராகரித்தார்.

அடுத்த மாதமே நியூயார்க் மாநிலம் தானே கடன் வாங்க முடிவு செய்து, கால்வாய் நிதி என்று தனியாக ஒன்றை அமைத்தது. நீங்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கடன் பத்திரங்களின் வட்டிக்குப் படகுகள் தரப்போகும் சுங்கத்தை மட்டும் அவர்கள் நம்பவில்லை. மாநிலத்துக்குள்ளேயே இருந்த ஒனொன்டாகா உப்பு ஊற்றுகளில் எடுக்கும் உப்புக்குப் புஷலுக்கு, அதாவது சுமார் 25 கிலோவுக்கு, 12½ சென்ட் வரி. 1815ல் பிரிட்டனோடு நடந்த போர் முடிந்ததும் பிரிட்டிஷ் சரக்கு நியூயார்க் துறைமுகத்தில் வந்து குவிந்து ஏலத்தில் போனது. அந்த ஏலத்துக்கும் வரி. நீராவிப் படகுப் பயணிகளிடமும் கொஞ்சம். கால்வாயில் ஒரு படகுகூட ஓடாவிட்டாலும் வட்டிக்கு வழி இருந்தது. 1821ல் எழுதிய மாநில அரசியலமைப்பிலேயே இந்த உப்பு வரியையும் ஏல வரியையும் கால்வாய்க் கடனுக்கென்று கட்டிப்போட்டார்கள். (கால்வாயின் இரு பக்கமும் 25 மைல் வரை நிலவரி போடவும் 1817 சட்டத்தில் இடம் இருந்தது. அதை வசூலிக்கவே இல்லை. நிலம் வைத்திருந்தவர்கள் யார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.)

ஆரம்பத்தில் பத்திரம் வாங்கியவர்கள் யார்? 1818 கடனுக்கு முன்வந்தவர்கள் 69 பேர். அதில் 51 பேர் போட்டது 2000 டாலருக்கும் குறைவு. 1819ல் நியூயார்க் நகரில் உழைப்பாளிகளுக்காக ஒரு சேமிப்பு வங்கி திறந்தார்கள். அரசுப் பத்திரங்களில்தான் பணம் போடலாம் என்பது அதற்கு விதி. வேலைக்காரப் பெண்களும் கைத்தொழிலாளிகளும் சிறுகச் சிறுகக் கட்டிய காசு அப்படியே கால்வாய்க்குப் போனது. இரண்டு மூன்று வருஷத்தில் கால்வாய்ப் பத்திரங்களை மிக அதிகமாக வைத்திருந்தது அந்த வங்கிதான். பெரும் பணக்காரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டரும் லண்டன் பணமும் வந்தது அதற்கு அப்புறம்.

1825ல் கால்வாய் முழுதாகத் திறந்ததும் சுங்கம் கொட்டியது. பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு கொண்டுபோக 100 டாலர் ஆனது 10 டாலர் அளவுக்கு இறங்கியது. மற்ற மாநிலங்களின் கண்ணில் பட்டது இந்தச் சுங்கம்தான். உப்பு வரி படவில்லை. பென்சில்வேனியா மாநிலம் அலகேனி மலைத்தொடரைத் தாண்டிக் கால்வாய் கொண்டுபோகப் பார்த்தது, பழைய கடனின் வட்டியைப் புதுக் கடன் வாங்கிக் கட்டியது. இண்டியானா 1836ல் ஒரே சட்டத்தில் ஒரு கோடி டாலர் திட்டம் போட்டது.

மிச்சிகன் கதைதான் உங்களுக்குப் பிடிக்கும். அது 50 லட்சம் டாலர் பத்திரங்களைத் தவணைக்கு விற்றது. அதாவது பத்திரம் முதலில், பணம் மெல்ல. வாங்கிய இரண்டு நிறுவனங்களில் ஒன்று நியூ ஜெர்சியின் மோரிஸ் கால்வாய் மற்றும் வங்கிக் கம்பெனி. பெயரைப் பாருங்கள், கால்வாயும் அதுவே, வங்கியும் அதுவே. அந்தப் பத்திரங்கள் ஐரோப்பா வரை கைமாறிப் போயின, மிச்சிகனுக்குப் பணம் முழுதாக வந்து சேரவில்லை, வாங்கியவர்கள் இருவரும் 1841ல் திவால். கைக்கு வராத பணத்துக்கான பத்திரங்களை முழுதாக ஏற்க முடியாது என்று மிச்சிகன் சொல்லிவிட்டது. 1841-43ல் மட்டும் எட்டு மாநிலங்களும், மாநிலமாக ஆகாத ஃபுளோரிடாவும் கடனைக் கட்டாமல் நின்றன.

நியூயார்க்குக்கும் அப்போது நெருக்கடிதான். கால்வாயை அகலப்படுத்தும் வேலைக்கு அளவுக்கு மீறிக் கடன் வாங்கியிருந்தார்கள். 1842ல் வேலையைப் பாதியில் நிறுத்தி, சொத்து மதிப்பில் ஆயிரத்துக்கு ஒன்று என்று வரி போட்டார்கள். 'நிறுத்து, வரி போடு' சட்டம் என்றே அதற்குப் பெயர்.