கல்லீரல் மாற்று அறுவையில் வாயு மயக்கமா, ஊசி மயக்கமா?

திருவாரூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மாமாவுக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடக்கவிருக்கிறது, மயக்க வாயு புதுக் கல்லீரலைக் கெடுத்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், ஊசி வழியாக மட்டும் மயக்கம் கொடுக்கும்படி கேட்கலாமா? அத்தகைய அறுவைக் குழு ஒன்றில் சில ஆண்டுகள் மயக்க மருத்துவராக இருந்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உறவினரின் அச்சம் ஆதாரமற்றதன்று, பழையது, அவ்வளவுதான். முன்பு பரவலாக இருந்த ஹாலோத்தேன் என்ற வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கல்லீரலிலேயே சிதைந்தது. அதன் விளைவாக அரிதாகச் சிலருக்குக் கடும் கல்லீரல் அழற்சி வந்தது. இன்றைய ஐசோஃப்ளூரேன் 0.2 சதவீத அளவிலும் டெஸ்ஃப்ளூரேன் 0.02 சதவீத அளவிலுமே சிதைகின்றன. எஞ்சியது மூச்சோடு வெளியேறிவிடுகிறது. செவோஃப்ளூரேன் வாயுவையும் புரோபோஃபால் ஊசியையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வொன்றில், மாற்றிய கல்லீரலின் சேதத்தைக் காட்டும் நொதி அளவில் கருதத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தசைகளைத் தளர்த்தும் மருந்தில்தான் தேர்வுக்குப் பொருள் உண்டு: சிஸ்அட்ராக்யூரியம் கல்லீரலை நம்பியிராமல் இரத்தத்திலேயே தானாகச் சிதைந்துவிடும் என்பதால் நான் அதையே விரும்பினேன்.

உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. புதுக் கல்லீரலைத் தைத்து முடித்து, இரத்தக் குழாய்களை அடைத்துப் பிடித்திருந்த கவ்விகளை அவிழ்க்கும் நேரத்தை நம் ஊர்க்காரருக்கு எளிதாகச் சொல்லிவிடலாம்: காய்ந்து கிடந்த வாய்க்காலில் முறைத் தண்ணீர் முதலில் நுழையும்போது சருகையும் நுரையையும் அள்ளிக்கொண்டு வருமே, அதைப்போல, பனிக்கட்டிக் குளிரில் கிடந்த உறுப்பிலிருந்து குளிரும் அமிலமும் பொட்டாசியமும் ஒரே வீச்சில் இதயத்தை நோக்கிப் பாய்கின்றன. வெளுத்திருந்த கல்லீரல் நம் கண்முன்னே சிவந்துகொண்டிருக்கும். அதே நேரத்தில் திரையில் இரத்த அழுத்த எண் இறங்கிக்கொண்டிருக்கும். முதல் 5 நிமிடங்களுக்குள் சராசரி அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்து ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால், அதற்கென்றே தனிப் பெயர் வைத்திருக்கிறோம். கால்சியமும் அழுத்தத்தை உயர்த்தும் மருந்தும் அதற்கு முன்பே சிரிஞ்சில் ஏற்றப்பட்டு என் வலக்கைப் பக்கம் வரிசையாக இருக்கும். என் உள்ளங்கை வியர்க்காத நாளே இல்லை. அந்த நிமிடங்களை எப்படிக் கடக்கிறோம், எவ்வளவு இரத்தம் போகிறது, நோயாளி எந்த நிலையில் மேசைக்கு வந்தார் என்பவையே பின்விளைவில் பெரும்பங்கு வகிக்கின்றன.

ஆகவே ஊசிதான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். மயக்க மருத்துவரைச் சந்திக்கும்போது, முன்பு எந்த அறுவைக்குப் பின்னாவது மாமாவுக்குக் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்ததா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதைச் சொல்லுங்கள். பழைய அறுவைச் சீட்டு பரணில் கிடந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.