தோடியும் காதும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இணையத்தில் தேடிக் கேட்டேன். பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. இயர்போனில் காதைக் குத்துகிறது. பின்னால் விடாத இரைச்சல். ஒரே ஆலாபனை இரண்டு இடங்களில் இரண்டு சுருதியில் கிடைக்கிறது. எதை நம்புவது?

ஆனால் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ‘சிங்கார வேலனே தேவா’ சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். அதை ரசிக்கிற காதுக்கு இது ஏன் பிடிபடவில்லை? தோடியை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? இன்னொன்று. எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை ஃபோனில் பதிவு செய்தேன். தவில்தான் கேட்கிறது, நாதஸ்வரம் அமுங்கிப்போகிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியத்தைக் காதுக்குள் செருகிக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளி இரட்டை நாணல். குழல் மேலே குறுகிக் கீழே விரிவது. இந்த இரண்டும் சேரும்போது அடிப்படைச் சுரத்துக்கு மேலே எழும் துணையொலிகள் மிக வலுவாக வருகின்றன. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் அவை ஏராளம். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அதே பகுதியில்தான். போதாக்குறைக்குப் பல இயர்போன்கள் அந்தப் பகுதியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கின்றன. குத்தாமல் என்ன செய்யும்?

இயர்போனைக் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கரைக் கூடத்தின் மறுகோடியில் வைத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி உட்காருங்கள். பக்கத்து அறையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் இன்னும் நல்லது. இயர்போன்தான் வழி என்றால் ஈக்வலைசரில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி மூன்று நான்கு டெசிபல் மட்டும் குறையுங்கள். அதற்கு மேலே உள்ள பகுதியில் கை வைக்காதீர்கள்.

ஏன் என்றால் இரைச்சல் விவகாரம் அங்கேதான் வருகிறது. பழைய இசைத்தட்டின் உராய்வொலியைப் போக்குகிறேன் என்று 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டி ஏற்றிய பதிவுகள் இணையத்தில் நிறைய உண்டு. இரைச்சலோடு சேர்ந்து சீவாளியின் காற்றும் நாக்கு தட்டுகிற துத்துக்காரமும் போய்விடுகின்றன. மிஞ்சுவது போர்வைக்குள்ளிருந்து ஊதுவது போன்ற ஒரு மொழுக்கை ஒலி. இரைச்சலுள்ள பதிவையே தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் காது இரைச்சலை ஒதுக்கப் பழகிவிடும், வெட்டிப்போன ஒலியை எந்தக் காதாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கெடுதல் இல்லாத சுத்திகரிப்பு ஒன்று உண்டு. அந்தக் காலத் தட்டுகள் மோனோ. அவற்றை ஸ்டீரியோ ஊசியால் மாற்றியிருந்தால் இடது, வலது இரண்டையும் கூட்டி மோனோவாக்கிக் கேளுங்கள். ஊசியின் மேல் கீழ் அசைவால் வந்த இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணிசமாகக் குறையும். இசை அப்படியே இருக்கும்.

சுருதி மாறிக் கிடைப்பதற்குக் காரணம் சுழல் வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவில்தான். பதிவான வேகமும் பின்னாளில் ஒலிநாடாவுக்கு மாற்றிய வேகமும் பல தட்டுகளுக்கு ஒத்துப்போகவில்லை. அதை மறுபடி கேசட்டாக்கி, கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது பிழை மேலும் கூடும். வேகம் ஏறத்தாழ ஆறு சதவீதம் கூடினாலே சுருதி அரைக் கட்டை, அதாவது கீபோர்டில் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். 78-இல் ஓட வேண்டியது 82.6-இல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று பெரும்பாலும் புழங்கும் நீளமான பாரி நாதஸ்வரத்தின் வழக்கமான சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. ராஜரத்தினம் பிள்ளையின் பதிவு மூன்று கட்டைக்கு மேலே கேட்டால் சந்தேகப்படுங்கள். ஃபோனில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலியைத் திறந்து, ஆலாபனை வந்து நிற்கிற ஷட்ஜத்தோடு (ஸ) ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அரைக் கட்டை இறக்க ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வேகத்தை 0.944 மடங்காக மாற்றுங்கள். சுருதியை மட்டும் இறக்கும் வசதியைத் தொடாதீர்கள். வேகம் கூடியபோது சுருதியும் காலப்பிரமாணமும் (வாசிப்பின் வேகமும்) சேர்ந்தே கெட்டன, இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும். இறக்கியதும் விரலடிகள் மனிதக் கையின் வேகத்துக்கு வந்துவிடும், குத்தலும் கொஞ்சம் குறையும்.

இனி தோடி. எட்டாவது மேளம், அதாவது தாய்ராகம், ஹனுமத்தோடி. சுத்த ரிஷபம் (ரி), சாதாரண காந்தாரம் (க), சுத்த மத்தியமம் (ம), பஞ்சமம் (ப), சுத்த தைவதம் (த), கைசிகி நிஷாதம் (நி). இந்தச் சுரங்களைக் கீபோர்டில் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், தோடி வராது. இந்துஸ்தானி பைரவியின் சாயல்தான் வரும். தோடியின் உயிர் காந்தாரத்தில் இருக்கிறது. அந்தக் காந்தாரம் தன் இடத்தில் நிலையாக நிற்பதே இல்லை. கீழே ரிஷபத்தைத் தொட்டு, மேலே மத்தியமத்தை எட்டி, இரண்டுக்கும் நடுவில் அகலமாக அசைந்துகொண்டே இருக்கும். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் தோடியைச் சிந்துபைரவியோடு குழப்பிக்கொள்வதுண்டு. சிந்துபைரவியில் காந்தாரம் இப்படி ஆடாது. நேராக வந்து நின்றால் தோடி இல்லை, ஆடினால் தோடியாக இருக்கலாம் என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

அடுத்து பஞ்சமத்தைக் கவனியுங்கள். நல்ல தோடி ஆலாபனையில் வித்வான் வெகு நேரம் பஞ்சமத்தைத் தொடாமல் ‘க ம த நி’ என்று தாண்டித் தாண்டிப் போவார். ஷட்ஜத்தையும் இதேபோல் தள்ளிப்போடுவார். காலூன்றுகிற இரண்டு சுரங்களும் இல்லாமல் ராகம் அந்தரத்தில் நிற்கும். பிறகு ஒரு பிடி, அதாவது ஒரு சுரக்கோவை, சட்டென்று பஞ்சமத்தில் வந்து இறங்கும்போது பந்தலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ‘ஆகா’ என்பார்கள். எதற்கு அந்த ‘ஆகா’ என்று தெரியாமலே பலர் சொல்வது இந்த இடத்துக்குத்தான்.

நாதஸ்வரத்தில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கேட்பது இன்னும் எளிது. விரல் துளைகள் ஏழு. கீழ்ப்பகுதியில் இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவை வாசிப்பதற்கல்ல, தேவைக்கேற்ப மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வதற்கு. பன்னிரண்டு சுரத்தானங்களுக்கு ஏழே துளை என்றால் மிச்சத்தைப் பாதி விரலாலும் மூச்சின் அழுத்தத்தாலும் சீவாளியை உதடு பிடிக்கிற பிடியாலும்தான் கொண்டுவர வேண்டும். காந்தார அசைவைக் கேட்கும்போது ஒலி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்கிறதா, வழுக்கிப் போகிறதா என்று கவனியுங்கள். குதித்தால் விரல் மட்டும் வேலை செய்கிறது. வழுக்கினால் விரலும் மூச்சும் சேர்ந்து செய்கின்றன. கெட்டிக்காரருக்கும் மகாவித்வானுக்கும் உள்ள தூரத்தை அளக்க இந்த ஓர் இடம் போதும் என்பது என் எண்ணம்.

தோடியில் சுத்த மத்தியமம் வருகிறதல்லவா, அங்கே ஒரு பழைய சிக்கல் இருந்தது. முன்பு எங்கும் புழங்கிய திமிரி நாதஸ்வரம் குட்டையானது, சுருதி நான்கு, ஐந்து கட்டை. அதில் துளையைத் திறந்து இயல்பாக ஊதினால் மத்தியமம் தூக்கலாக வரும். சுத்த மத்தியமம் வேண்டுமென்றால் மூச்சைத் தளர்த்தி இறக்கிக்கொண்டே வாசிக்க வேண்டும், மத்தியமத்தில் கார்வை கொடுத்து (நீட்டி) நிற்பது பெரும்பாடு. ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தேவைக்கென்று நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி குழலை நீளமாக்கித் துளைகளின் இடத்தை மாற்றிக் கடைந்த பாரி நாதஸ்வரம் அந்தக் குறையைத் தீர்த்தது. சுருதி இறங்கியது, சுத்த மத்தியமம் தானாகப் பேசியது. இன்று மேடையிலும் கோயிலிலும் நீங்கள் பார்க்கும் நாதஸ்வரம் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம், அதுவும் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த, ஈரம் முழுக்க வற்றிய கட்டை, கடைசலுக்கு ஏற்றது. பச்சை மரத்தில் கடைந்தால் காயும்போது துவாரம் கோணி, சுருதி சேராது, சில சமயம் விரிசலே விடும்.

சீவாளி கொறுக்கை நாணலில் செய்வது. காய்ந்த சீவாளி பிசிறடிக்கும், அதிகம் ஊறினால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு ஒலி சுருங்கும். வாத்தியத்திலிருந்து ஒரு கொத்து சீவாளிகளும் ஊசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரமல்ல. கச்சேரி நடுவில் ஒன்று தளர்ந்தால் மாற்றிக்கொள்ளத்தான். நேரடியாகக் கேட்கும்போது முதல் கால் மணி நேரம் ஒலி கொஞ்சம் விறைப்பாக இருந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், சீவாளி பதத்துக்கு வரட்டும்.

‘சிங்கார வேலனே’ ஏன் உடனே பிடித்தது என்று கேட்கிறீர்கள். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’, எஸ். எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். எஸ். ஜானகி பாட்டாகவும் சுரமாகவும் பாடி வழிகாட்ட, நாதஸ்வரம் அதை வாங்கிப் பதில் சொல்கிறது. எந்தச் சுரம் போகிறது என்று குரலே உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. ஸ்டுடியோவில் எடுத்ததால் மைக்கின் தூரமும் கட்டுக்குள் இருந்தது. ஆலாபனையில் இந்தக் கைப்பிடி எதுவும் கிடையாது. அதனால் தோடிக்கும் குரல் வழியாகவே போங்கள். ஊத்துக்காடு வேங்கடகவியின் ‘தாயே யசோதா’ உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அது தோடிதான். இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய ‘கங்கைக்கரை மன்னனடி’யும் தோடி. இந்த இரண்டையும் வாய்க்குள் முணுமுணுக்கிற அளவுக்குக் கேட்டுவிட்டு நாதஸ்வரத்துக்கு வாருங்கள். காந்தாரம் தானாகக் காதில் வந்து விழும்.

கேட்கிற வரிசையையும் மாற்றச் சொல்வேன். ராஜரத்தினம் பிள்ளையிடம் நேரே போக வேண்டாம். அவருடைய சிஷ்யரான காருகுறிச்சியிடமிருந்து (1921–1964) தொடங்குங்கள். காருகுறிச்சியின் நாதத்தில் ஓரம் மழுங்கியிருக்கும், குரலுக்கு மிக நெருக்கம். கார்வைகள் நீளம், ஒரு பிடி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் யோசிக்க இடம் கொடுப்பார். எல்லா நாதஸ்வரக்காரர்களிலும் எனக்கு மிகப் பிரியமானவர் அவர்தான், அதை மறைக்கவில்லை. அடுத்து ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா. பிறகு நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், யாழ்ப்பாணத்து என். கே. பத்மநாதன். நான்கு பேரின் தோடியையும் கேட்டுவிட்டு ராஜரத்தினம் பிள்ளைக்கு வந்தால், இவர்கள் ஆளுக்கொரு கைப்பிடியாக எடுத்துக்கொண்டது எந்த ஊற்றிலிருந்து என்று விளங்கும். மந்திரத்தில் (கீழ் ஸ்தாயியில்) கிளம்பி ஒரே மூச்சில் தாரத்துக்கு (மேல் ஸ்தாயிக்கு) ஏறி, இறங்கும்போது வேறு பாதையில் இறங்குகிற அந்த நீளமான பிடிகளை முதல் கேட்பில் பின்தொடர முடியாதது இயல்பு.

ஒரு நேரத்தில் மூன்று நிமிடம் மட்டும் கேளுங்கள். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கமே அவ்வளவுதான், அந்தக் காலத்து ரசிகர்கள் அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். முதல் தடவை மூச்சு எங்கே முடிகிறது என்று மட்டும் பாருங்கள், ராகத்தின் வாக்கியங்கள் பிரிந்துவிடும். அடுத்த தடவை இரண்டாவது நாதஸ்வரத்தைத் தேடுங்கள். முதல் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் பிடித்த சுரத்தை இவர் ஏந்தி நிற்பார். அந்த ஏந்தல் பிசகினால் எவ்வளவு பெரிய வித்வானின் ஆலாபனையும் துண்டு துண்டாகக் கேட்கும்.

மல்லாரிப் பதிவுக்கு வருகிறேன். உங்கள் ஃபோன் ஒலியளவைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. விரல்களில் கூடு மாட்டிய வலது கை தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ஒவ்வொரு அடிக்கும் அது பயந்து அளவைக் குறைக்கிறது. குறைந்த அளவு மீண்டும் ஏறுவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும், நடுவில் நாதஸ்வரம் முங்கிப்போகும். ஒலியளவைக் கையால் வைக்க அனுமதிக்கிற பதிவுச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிடுங்கள். மல்லாரிக்கு முன் தவிலில் அலாரிப்பு வாசிப்பார்கள் அல்லவா, அப்போதே உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள். பதிவு சன்னமாகத்தான் இருக்கும், வீட்டில் கூட்டிக்கொள்ளலாம். உடைந்துபோன ஒலியைச் சரிசெய்ய வழியில்லை.

நிற்கிற இடமும் முக்கியம். தவில்காரரின் இடப்பக்கம், அதாவது குச்சியால் வாசிக்கிற தொப்பிப் பக்கம், இருபது இருபத்தைந்து அடி தள்ளி நில்லுங்கள், வலந்தலையின் வெடிப்பு அடங்கும். நாதஸ்வரத்தின் விரிந்த அடிவாயான அணசுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், கூர்மையான ஒலி அந்தத் திசையில்தான் அதிகம். சிலர் அணசுக்குள்ளேயே மைக்கைத் திணிக்கிறார்கள், கல்யாண மண்டபங்களில் இது வழக்கமாகிவிட்டது. மேல் சுரங்கள் பெரும்பாலும் திறந்த விரல் துளைகள் வழியாகவே வெளியே வருகின்றன. அணசில் வைத்த மைக்கில் கீழ்ச் சுரங்கள் இரையும், மேலே போகப் போக ஒலி மெலியும். மைக் வேண்டுமென்றால் ஒன்று போதும், ஐந்தாறு அடி முன்னால், தலை உயரத்தில். முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்துக்கு அதுவும் தேவையில்லை.

சாமி புறப்பட்டு நடக்கும்போது பதிவு செய்தால் கூட்டத்தின் தள்ளுமுள்ளில் ஃபோன் ஆடிக்கொண்டே இருக்கும். கோபுர வாசலிலும் வீதி முனைகளிலும் சாமி நிற்கும், மேளமும் அங்கே நின்று வாசிக்கும். அந்த இடங்களுக்கு முன்கூட்டியே போய் நின்றுகொள்ளுங்கள்.