‘ஃப்ரேம்-ஆஃப்’ கமாரோவுக்கு முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்க்கிறேன். 1969 செவ்ரலே கமாரோ எஸ்எஸ் ஒன்று ஃபுளோரிடாவில் விற்பனைக்கு வந்திருக்கிறது. எல்எஸ்3 இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், புது ஏசி என்று எல்லாம் மாற்றியிருக்கிறார்களாம். விலை 84,000 டாலர். “ஃப்ரேம்-ஆஃப் ரெஸ்டொரேஷன், கார்ஃபாக்ஸ் க்ளீன்” என்கிறார் டீலர். அது உண்மையான எஸ்எஸ்தானா, அதாவது ஆலையிலேயே ‘சூப்பர் ஸ்போர்ட்’ ஆப்ஷனோடு வந்ததா என்பதுதான் என் கவலை. 5,000 டாலர் முன்பணம் அனுப்பினால் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பாராம். அனுப்பலாமா ஐயா?

பதில்: அனுப்பாதீர்கள். கார் மோசம் என்று சொல்லவில்லை, நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் டீலர் சொன்ன இரண்டு வாக்கியங்களிலேயே இரண்டு கோளாறு இருக்கிறது.

முதலாவது, ‘ஃப்ரேம்-ஆஃப்’. 1969 கமாரோவுக்கு முழு நீளச் சட்டம், அதாவது ஃப்ரேம், கிடையாது. முன்பக்கம் இன்ஜினைத் தாங்குவதற்கு ஒரு சப்-ஃப்ரேம் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அதற்குப் பின்னால் தரைத் தகடும் பாடியும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டவை. பாடியைத் தூக்கி வைத்துவிட்டு ஃப்ரேமில் வேலை செய்வது ஷெவெல் மாதிரியான கார்களில் நடக்கும். கமாரோவில் ஒழுங்காக வேலை செய்பவர்கள் பாடியைச் சுழலும் ஸ்டாண்டில் ஏற்றி, அடிப்பகுதியை மேலே திருப்பித் துருவைச் சுரண்டி வெல்டிங் செய்வார்கள். அதற்கு ‘ரோட்டிஸரி’ வேலை என்று பெயர். இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் அந்தக் காரின் வரலாற்றை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, ‘கார்ஃபாக்ஸ் க்ளீன்’. கார்ஃபாக்ஸ் என்பது ஒரு காரின் பழைய வரலாற்றைத் தேடித் தரும் ரிப்போர்ட். அமெரிக்காவில் 17 இலக்க வின் நம்பர், அதாவது காரின் அடையாள எண், 1981 மாடலிலிருந்துதான் வந்தது. உங்கள் கமாரோவுக்கு 13 இலக்கம். கார்ஃபாக்ஸில் அதற்குப் பதிவே இருக்காது. பதிவு இல்லாததை ‘க்ளீன்’ என்று சொல்லி விற்கிறார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காராக இருந்தாலும், இரண்டாக வெட்டி ஒட்டிய காராக இருந்தாலும் அந்த ரிப்போர்ட் இதே மாதிரி வெறுமையாகத்தான் இருக்கும். இதைச் சொல்லி விற்கக் கூடாது என்று தடுக்க ஆள் இல்லை. ‘ரெஸ்டோர்ட்’ என்ற சொல்லுக்கே எந்த வரையறையும் கிடையாது. பெயின்ட் அடித்து, சீட் உறை மாற்றியவரும் அதைத்தான் சொல்கிறார், இரண்டு வருடம் உட்கார்ந்து தகடு தகடாக மாற்றியவரும் அதைத்தான் சொல்கிறார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது உண்மையான எஸ்எஸ்தானா? வின் நம்பரை வைத்துச் சொல்ல முடியாது. வி8 இன்ஜினோடு வந்த 1969 கமாரோ கூப் அத்தனையும் 124379 என்றே தொடங்கும். அடுத்த எழுத்து ‘என்’ என்றால் ஓஹாயோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ என்றால் லாஸ் ஏஞ்சலஸ். அதற்குப் பிறகு வரும் ஆறு இலக்கம் வரிசை எண். எஸ்எஸ் என்பது காசு கொடுத்துச் சேர்த்துக்கொண்ட ஆப்ஷன், அதனால் நம்பரில் ஏறவில்லை. மஸ்டாங் என்றால், 1967 முதல் ஃபோர்டின் ஆலைப் பதிவுகளை வைத்து மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். பான்டியாக் என்றால் பி.ஹெச்.எஸ். அமைப்பிடம் பழைய இன்வாய்ஸ் நகல் கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற கமாரோவுக்கு அந்த வசதி இல்லை. காரோடு வந்த பில்ட் ஷீட் என்ற ஆலைத் தயாரிப்புத் தாள், ‘ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட்’ என்ற சிறிய உலோக வாரன்டி அட்டை, பழைய டீலர் இன்வாய்ஸ் ஆகியவைதான் சாட்சி. இன்ஜின் அறையின் பின்சுவரில் உள்ள ட்ரிம் டேக் என்ற சிறு குறியீட்டுத் தகட்டைக் காட்டுவார்கள். புதிதாக அச்சடித்த டேகும் சந்தையில் கிடைக்கிறது, அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். எஸ்எஸ் என்றால் அன்றைக்கு 350 அல்லது 396 கன அங்குல இன்ஜின். அதைக் கழற்றிவிட்டு எல்எஸ்3 போட்ட பிறகு, சேகரிப்பாளர்கள் எஸ்எஸ்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி அந்த இன்ஜினோடு போய்விட்டது. நீங்கள் வாங்குவது நவீன இன்ஜின் போட்ட அழகான பழைய கார். அந்த விலைதான் கொடுக்க வேண்டும். கிரில்லில் உள்ள இரண்டு எழுத்துக்காக ஆயிரக்கணக்கில் ஏற்றியிருந்தால், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரண கமாரோ என்று நினைத்து விலை பேசுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. அந்த டீலர் காரின் சொந்தக்காரரே இல்லாமல் இருக்கலாம். பழைய கார் விற்கும் பெரிய ஷோரூம்களில் பல, கன்சைன்மென்ட் முறையில் நடக்கின்றன. கார் வேறொருவருடையது, இவர்கள் தரையில் நிறுத்தி விற்றுக் கமிஷன் எடுக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ‘ஆஸ் இஸ்’ என்று இருக்கும். உள்ளது உள்ளபடி, அப்புறம் வந்து கேட்கக் கூடாது என்று அர்த்தம். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது என்றும் ஒரு வரி இருக்கும். குறை தெரிந்து திரும்பிப் போனால், “சொந்தக்காரர் சொன்னதைத்தான் நாங்கள் சொன்னோம்” என்பார்கள். சொந்தக்காரரின் போன் நம்பரைக் கேட்டால், “ரகசியம்” என்பார்கள். நடுவில் உங்கள் பணம் போயிருக்கும். இந்த விளையாட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எத்தனை பேர் ஏமாந்தாலும் மாநிலங்கள் இதைக் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை.

அதனால் முதலில் டைட்டிலின், அதாவது கார் உரிமைப் பத்திரத்தின், முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யார் பெயரில் இருக்கிறது, கடன் பாக்கி ஏதாவது குறித்திருக்கிறதா, பின்பக்கம் யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வாங்குபவர் பெயரைக் காலியாக விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிக் காலியாக இருந்தால் நடுவில் ஒருவர் தன் பெயருக்கு மாற்றாமலே கைமாற்றுகிறார். அந்த வாலைப் பிடிக்க வேண்டாம்.

அடுத்து வின் தகடு. 1968 முதல் இது டாஷ்போர்டின் மேல் ஓட்டுநர் பக்கம், முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி இருக்கும். பூ இதழ் போன்ற தலை உள்ள ரிவெட் இரண்டு அதைப் பிடித்திருக்கும். டைட்டிலில் உள்ள நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அதோடு நிற்காதீர்கள். இதே நம்பரின் சுருக்கம் பாடியில் இரண்டு இடத்தில் மறைவாகக் குத்தப்பட்டிருக்கும்: ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒன்று, கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைத் தகட்டுக்குக் கீழே இன்னொன்று. டைனகார்ன் என்ற நிறுவனம் 1969 கமாரோவின் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. அதில் கார் கட்டுவது தப்பில்லை, அதை அப்படியே சொல்லிப் பதிவு செய்தால். துருப்பிடித்துப் போன பழைய காரின் வின் தகட்டை எடுத்து அந்தப் புது பாடியில் மாட்டி, “1969 ஒரிஜினல்” என்று விற்பதுதான் மோசடி. மறைவு நம்பர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாஷ்போர்டுத் தகட்டை வெட்டி வெல்டிங் செய்யும்போது வின் தகட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலையை நேர்மையாகச் செய்பவரும் கழற்றுவார், திருடனும் கழற்றுவான். வின் தகட்டைக் கழற்றுவதோ மாற்றுவதோ மத்திய சட்டப்படி குற்றம். ஆனால் பழுதுபார்ப்புக்குத் தேவைப்பட்டுக் கழற்றியவருக்கு அதே சட்டத்தில் விலக்கும் இருக்கிறது. மாநிலச் சட்டங்கள்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. கன்சாஸில் ஒருவர் 1959 கார்வெட் ஒன்றை வாங்கிப் பதிவு செய்யப் போனார். புதுப்பிக்கும்போது வின் தகடு கழற்றி மாட்டப்பட்டிருந்தது என்பதற்காக, போலீஸ் காரைப் பறிமுதல் செய்தது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கார் வருடக்கணக்கில் அரசாங்கத்தின் பிடியில் கிடந்தது. 2022-இல் அந்த மாநிலம் தன் சட்டத்தையே திருத்திய பிறகுதான் வழி பிறந்தது. ஒரு குடிமகன் தன் காருக்காகச் சட்டமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறதே! இப்போது உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: ரிவெட் புதிதாகத் தெரிந்தால் உடனே ஓடிவிட வேண்டாம். தகட்டைக் கழற்றியதற்கு முன்னும் பின்னும் எடுத்த படம், வேலை செய்த கடையின் எழுத்து, பொருந்துகிற மறைவு நம்பர் மூன்றும் இருந்தால் வாங்கலாம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியின் வாகனப் பதிவு அலுவலகத்தில் நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள், டீலர் நிற்க மாட்டார்.

இன்ஜினுக்கு வருவோம். ‘எல்எஸ்’ என்பது ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்களின் ஒரு குடும்பம். எல்எஸ்3 அதில் 6.2 லிட்டர், அலுமினிய பிளாக், 2008 கார்வெட்டில் 430 குதிரைத்திறனோடு வந்தது. சில்வராடோ பிக்கப் வண்டியிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் இரும்பு பிளாக் இன்ஜினும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். மேலே பளபளப்பான மூடி போட்டு, ‘எல்எஸ் ஸ்வாப்’, அதாவது எல்எஸ் இன்ஜினுக்கு மாற்றியது, என்று விற்பார்கள். 5.3 கெட்ட இன்ஜின் இல்லை, ஆனால் விலையில் பெரிய வித்தியாசம். ஒரு காந்தத்தை பிளாக்கின் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டினால் அது எல்எஸ்3 இல்லை. அதே காந்தத்தால் பின் சக்கரத்தின் மேல் வளைவையும் கதவின் கீழ் ஓரத்தையும் தடவச் சொல்லுங்கள். பட்டி கனமாகப் பூசியிருந்தால் அங்கே காந்தம் பிடிக்காது.

பின் ஆக்ஸில் எது என்றும் கேளுங்கள். பழைய 10-போல்ட் ஆக்ஸிலை அப்படியே விட்டுவிட்டு 430 குதிரையைப் பூட்டியிருந்தால், ஒரு நாள் அது உடையும். ஏசி போட்ட பழைய கார்களில் ஹூஸ்டன் வெயிலில் தெரிவது ரேடியேட்டரின் யோக்கியதை. ஏசியை ஓட விட்டு, நெரிசலில் அரைமணி நேரம் ஓட்டி, வெப்பமானியைப் பார்க்க வேண்டும். ஒயரிங் முழுதாகப் புதியதா, இல்லை 1969-இன் ஒயரில் ஃபியூஸ் இல்லாமல் மின்விசிறியும் பெட்ரோல் பம்பும் ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்பதும் முக்கியம். தீப்பிடிப்பது அங்கிருந்துதான்.

இதையெல்லாம் பார்க்க நீங்கள் ஃபுளோரிடா போக வேண்டியதில்லை. பழைய கார் ஆய்வாளர்கள் சில நூறு டாலருக்குக் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, படத்தோடு ரிப்போர்ட் தருவார்கள். டீலர் சிபாரிசு செய்யும் ஆள் மட்டும் வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். ஆய்வாளர் வரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று டீலருக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்தால் முதல் ஸ்டார்ட்டின் சத்தமும் புகையும் தெரியாது.

இன்ஷூரன்ஸில் ‘அக்ரீட் வேல்யூ’ என்று எழுதிய பாலிசிதான் எடுக்க வேண்டும். கார் முழுதாகப் போனால் ஒப்புக்கொண்ட தொகை கிடைக்கும். ‘ஸ்டேட்டட் வேல்யூ’ என்றால், அந்தத் தொகை, சந்தை மதிப்பு இரண்டில் குறைந்ததைத்தான் கொடுப்பார்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்று போல் இருப்பதால் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். காரை ஏற்றி அனுப்ப மிகக் குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் லாரிக்காரர் இல்லை, புரோக்கர். பிறகு “லாரி கிடைக்கவில்லை, இன்னும் 400 போடுங்கள்” என்று வருவார். லாரியின் யு.எஸ்.டாட். எண்ணைக் கேட்டு மத்தியப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் சரிபாருங்கள்.

இன்றைக்கு டீலருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போதும். டைட்டிலின் இரு பக்கப் படம், வேலை நடந்தபோது எடுத்த படங்களும் ரசீதுகளும், உங்கள் ஆய்வாளர் வர ஒரு தேதி என்று மூன்றைக் கேளுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு, ‘ஆய்வில் குறை இருந்தால் முழுதாகத் திருப்பித் தரப்படும்’ என்று எழுதிய ரசீதுக்குத்தான் முன்பணம். “வேறொருவர் நாளைக்கே வருகிறார்” என்று அவசரப்படுத்தினால் அவரிடமே விற்கட்டும். 1969 மாடல் கமாரோ 2.43 லட்சம் வெளிவந்தது, உங்களுக்கு இன்னொன்று கிடைக்கும்.