அறிவியல் புனைவுப் படங்களில் எந்த வில்லனின் கவசம் உங்களை அதிகம் பயமுறுத்தியது? ஏன்?

டார்த் வேடருடையதுதான். ஸ்டார் வார்ஸ் படங்களைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தக் கறுப்புத் தலைக்கவசம் தெரிந்திருக்கும். எனக்குப் பயம் வந்தது அதன் சத்தத்தைக் கேட்டு.

மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. வென்டிலேட்டரை சர்வீஸ் செய்து முடித்ததும் உடனே நோயாளிக்குப் போட்டுவிட மாட்டோம். டியூபின் நுனியில் டெஸ்ட் லங் என்று ஒரு ரப்பர் பையை மாட்டி, நெடுநேரம் ஓடவிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 12 மூச்சு என்று வைத்தால் ஐந்து வினாடிக்கு ஒரு முறை பை உப்பும், அப்புறம் தளரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, கருவி அறையில் தனியாக உட்கார்ந்து ரீடிங் எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் உஸ்ஸ் என்று ஓர் இழுப்பு, ஹூம் என்று ஒரு விடுப்பு. மறுபடி இழுப்பு, மறுபடி விடுப்பு. மூச்சு இருக்கிறது, ஆள் இல்லை. நோட்டை மூடிவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றேன். பள்ளி நாளில் பார்த்த வேடர் அங்கேதான் ஞாபகத்துக்கு வந்தார்.

1977-இல் வந்த முதல் படத்தில் அவர் நுழைகிற காட்சியைப் பாருங்கள். இளவரசி லேயாவின் விண்கலம். வெள்ளை வெளேரென்ற நடைபாதை, வெள்ளைக் கவசம் போட்ட வீரர்கள், கதவு வெடித்த புகை. அதற்குள்ளிருந்து முழுக் கறுப்பில் ஆறரை அடி உயர உருவம் ஒன்று வருகிறது. கொஞ்ச நேரத்தில் ஓர் அதிகாரியைக் கழுத்தைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்குகிறார். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கினாலே நமக்கு மூச்சு வாங்கும். அவருக்கு வாங்குவதில்லை. கோபம் வந்தாலும் அதே அளவு, அதே வேகம். அந்த மூச்சை விடுவது அவர் இல்லை, கருவி. இது உறைத்த பிறகு என்னால் அந்தக் காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

இந்த முகமூடி முதலில் திட்டத்திலேயே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். 1975-இல் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் ஓவியர் ரால்ஃப் மக்குவாரியிடம் கேட்டது, காற்றில் படபடக்கும் கறுப்பு அங்கி போட்ட நெடிய ஆளை. ஜப்பானிய சாமுராய் தலைக்கவசத்தின் சாயலும் இருக்கலாம் என்றார். அப்போதைய கதையில் வேடர் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு விண்வெளியைக் கடந்து வருவார். அங்கே மூச்சுக்கு என்ன செய்வார் என்ற யோசனை மக்குவாரிக்குத்தான் வந்தது. சுவாச முகமூடியை வரைந்து சேர்த்தார். அந்தக் காட்சி படத்தில் இல்லை, முகமூடி மட்டும் நிலைத்துவிட்டது.

படம் வந்த ஆண்டிலேயே லூகாஸ் ஒரு பேட்டியில், வேடர் எரிமலைக் குழியில் விழுந்து வெந்துபோனவர், அந்த உடை நடமாடும் இரும்பு நுரையீரல் மாதிரி என்று சொன்னார். என் தொழிலில் இருப்பவனுக்கு இது சும்மா உவமை இல்லை. இரும்பு நுரையீரல் 1928-இல் பாஸ்டனில் ஒரு சிறுமிக்கு முதன்முதலில் பயன்பட்டது. போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களைப் பெரிய உருளைக்குள் படுக்க வைப்பார்கள், தலை மட்டும் வெளியே இருக்கும். உருளைக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் நெஞ்சு விரிந்து காற்று உள்ளே போகும். கூட்டினால் வெளியே வரும். சிலர் அதற்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அப்படி ஒன்று எழுந்து நின்று, கையில் வாளோடு உங்களைப் பார்த்து நடந்து வந்தால் எப்படி இருக்கும்?

மூச்சொலியைச் செய்தவர் பென் பர்ட். முக்குளிப்பவர்கள் வாயில் கவ்வும் ரெகுலேட்டருக்குள் சின்ன மைக்கை வைத்துத் தானே மூச்சு விட்டுப் பதிந்தார். ஆரம்பத்தில் கிளிக், டிக் என்று இன்னும் நிறையச் சத்தங்களைச் சேர்த்திருந்தார். கேட்டால் அவசரப் பிரிவு நடந்து வருவதுபோல இருந்ததாம், குறைத்துவிட்டார்கள். அது சரியான முடிவு. அலாரம் அடிக்கிற கருவியைவிட, சீராக ஓடுகிற கருவியின் பக்கத்தில்தான் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உடையை வடிவமைத்த ஜான் மோலோவுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. முகமூடியைக் களிமண்ணில் பிடித்தவர் பிரையன் மியூர் என்ற சிற்பி. கையால் செய்ததால் முகத்தின் இரு பாதியும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. 2005 படத்துக்கு அதைக் கணினி உதவியோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆக்கினார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். லேசாகக் கோணிய அந்த முகம், விளக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கேற்ப மாறி மாறித் தெரியும்.

உள்ளே இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். உடம்பு டேவிட் ப்ரௌஸ், பளுதூக்கும் வீரர். குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். 1980, 1983 படங்களின் வாள்சண்டையில் பாப் ஆண்டர்சன். கடைசியில் தெரியும் முகம் செபாஸ்டியன் ஷா. மூச்சு பர்ட்டுடையது. ஐந்து பேர் சேர்ந்து ஓர் ஆள்!

நண்பர் ஒருவர் ஃபைபரில் செய்து வைத்திருக்கும் தலைக்கவசத்தை ஒரு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் கண்ணாடியில் ஆவி படிந்தது. குனியாமல் சொந்தப் பாதம் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தோளோடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருந்தது. வேடரின் அந்த நிதானமான திரும்பல் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

நெஞ்சில் இருக்கும் பெட்டி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. விளக்கும் பொத்தானுமாக, உயிரையே பிடித்து வைத்திருக்கும் பேனல் ஊர் பார்க்க வெளியே இருக்கிறது. வென்டிலேட்டரில் யாராவது தெரியாமல் கை வைத்துவிடக்கூடாது என்று நாங்கள் ஸ்கிரீனை லாக் செய்வோம். இவர் மூடி வைக்கவில்லை. அந்தப் பொத்தானுக்கு எட்டுகிற தூரத்துக்கு எவனும் உயிரோடு வரமாட்டான் என்ற தைரியம் என்றுதான் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

1980 படத்தில் ஓர் அதிகாரி அறைக்குள் வரும்போது, இயந்திரக் கை ஒன்று வேடரின் தலையில் கவசத்தை இறக்கிக்கொண்டிருக்கும். பின்மண்டையின் வெந்த தோல் ஒரு கணம் தெரியும். அந்த அதிகாரி பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவர்போல நிற்பார். முன்கதையைச் சொல்லும் 2005 படத்தில் முகமூடி முதன்முதலாக இறங்குவதை உள்ளே இருப்பவரின் கண்ணாலேயே காட்டுவார்கள். மூடியதும் ஒரு நொடி நிசப்தம். பிறகு முதல் மூச்சு. அந்த ஒரு நொடியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், எத்தனை முறை பார்த்தாலும்.

1983 படத்தின் முடிவில்தான் தாளம் கெடுகிறது. வேடரின் எஜமானரான பேரரசரின் மின்னல் பாய்ந்த பிறகு மூச்சு கரகரத்து இழுக்கும். கருவி கெட்டால் அது முதலில் காதுக்குத்தான் தெரியும். பேனலைப் பார்க்கவே வேண்டாம். முகமூடியைக் கழற்றச் சொல்லி மகனிடம் கேட்கிறார். கழற்றினால் செத்துவிடுவீர்கள் என்கிறான் லூக். ஒரு தடவையாவது சொந்தக் கண்ணால் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். முதலில் மேல்மூடி, பிறகு முகம். உள்ளே வெளிறிப்போன ஒரு வயசாளி.

லூக் அந்தக் கவசத்தைச் சிதையில் வைத்து எரிக்கிறான். 2015 படத்தில் பேரன் கைலோ ரென், உருகிச் சப்பிப்போன அந்த முகமூடியை எதிரே வைத்துக்கொண்டு, தாத்தா என்று கூப்பிட்டுப் பேசுவான். தியேட்டரில் அந்தக் காட்சியில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு வரவில்லை.