ராஜினாமாவும் ஆஃபர் லெட்டரும் ஒரே மேசையில் வந்தால்...

கேள்வி: பெருங்குடியில் ஒரு ஐரோப்பிய நிறுவனத்தின் இந்தியத் துணை நிறுவனத்தில் 11 வருடங்களாக வேலை பார்க்கிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங், இப்போது டீம் லீட். எங்கள் பிரிவை மட்டும் ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாகப் போன மாதம் டவுன்ஹால் எனும் ஊழியர் கூட்டத்தில் சொன்னார்கள். "யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை" என்றார் வெளிநாட்டுத் தலைமை அதிகாரி. இப்போது ஹெச்.ஆர். இரண்டு கடிதங்களை அனுப்பியிருக்கிறது. ஒன்று, சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்ற ராஜினாமா. இன்னொன்று, புதிய நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர், ஆறு மாதப் பயிற்சிக் காலத்தோடு (புரொபேஷன்). ஒரு வாரத்துக்குள் இரண்டிலும் கையெழுத்து வேண்டுமாம். வீட்டுக் கடன் இருக்கிறது. சர்க்கரை நோயாளியான அம்மா என் ஆபீஸ் இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறார். அடுத்த வருடம் எல்-1 விசாவில் அமெரிக்காவுக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்கள். "கேள்வி கேட்டால் முதல் ஆளாக உன்னைத்தான் தூக்குவார்கள்" என்கிறார் கணவர். நான் என்ன செய்ய?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்:

அன்புச் சகோதரி, அந்த ராஜினாமாவில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வேலையை விடச் சொல்லவில்லை, புதிய நிறுவனத்துக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போங்கள். ஆனால் உங்கள் 11 வருடங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதை இங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறது அந்தக் கடிதம்.

முதலில் உங்கள் முதலாளி யார் என்று பாருங்கள். பே-ஸ்லிப்பிலும் ஃபார்ம் 16-லும் ஒரு பிரைவேட் லிமிடெட் பெயர் இருக்கும். சட்டத்தின் பார்வையில் நீங்கள் வேலை பார்ப்பது அந்த இந்திய நிறுவனத்திடம். ஐரோப்பாவில் இருக்கும் தாய் நிறுவனம் அதன் பங்குகளை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது வேறு ஆள், இது வேறு ஆள். அதனால் டவுன்ஹாலில் தலைமை அதிகாரி சொன்ன வார்த்தை, அவர் மனதாரச் சொல்லியிருந்தாலும், உங்கள் கடிதத்தில் ஏறாதவரை அதை வைத்து நீங்கள் எதையும் கேட்க முடியாது. உங்கள் மேனேஜர் மீதும் கோபப்பட வேண்டாம். இப்படிப்பட்ட முடிவுகள் பெரும்பாலும் தலைமையகத்தில் சில பேருக்குள் முடிந்துவிடும். சென்னை அலுவலகத்துக்கு அறிவிப்பாகத்தான் வந்து சேரும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. நோக்கியாவின் செல்போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக 2013 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2014 ஏப்ரலில் கைமாறியது. பல நாடுகளில் இருந்த ஆலைகளும் ஆட்களும் புது முதலாளியிடம் போனபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியத் துணை நிறுவனத்தின் மீது வருமான வரி வழக்கு இருந்தது, சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. ஆகவே ஆலை பழைய நோக்கியாவிடமே தங்கி, மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த முறையில் போன் செய்து கொடுத்தது. சில மாதங்களில் அந்த ஒப்பந்தமும் முடிய, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள், அதில் நிறைய இளம்பெண்கள், விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியே வந்தார்கள். அவர்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் தங்கள் ஆலை விழுந்தது என்பதுதான் அவர்கள் வாழ்க்கையை மாற்றியது.

ஃபோர்டிலும் இதைப் பார்த்தோம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். குஜராத் சானந்த் ஆலையை டாடாவின் துணை நிறுவனம் வாங்கியது, அங்கிருந்த தகுதியுள்ள ஊழியர்களுக்கு வேலை தொடர வழி கிடைத்தது. மறைமலை நகர் ஆலை அப்போது யாருக்கும் விற்கப்படவில்லை. அங்கிருந்தவர்கள் போராடி, நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு இழப்பீடு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். அதே ஃபோர்டின் சோழிங்கநல்லூர் அலுவலகமோ தொடர்ந்து இயங்கியது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "கம்பெனிக்கு என்ன ஆகும்" என்ற கேள்வியைவிட "நான் இருக்கும் துண்டு எங்கே போகிறது, எந்த முறையில் போகிறது" என்பதே உங்களுக்கு முக்கியமான கேள்வி.

கைமாறும் முறைகள் பொதுவாக மூன்று. பங்குகளை மட்டும் விற்றால் உங்கள் பிரைவேட் லிமிடெட் அப்படியே இருக்கும், உரிமையாளர்தான் மாறுவார். உங்களிடம் எந்தக் கையெழுத்தும் தேவையில்லை. இரண்டு நிறுவனங்கள் சட்டப்படி இணைந்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 230 முதல் 232 வரையான பிரிவுகளின்படி தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தர வேண்டும். அந்த இணைப்புத் திட்டத்தில், ஊழியர்கள் பணி முறியாமல், இப்போதைக்குக் குறையாத நிபந்தனைகளோடு மாறுவார்கள் என்று ஒரு பத்தி வழக்கமாக இருக்கும். மூன்றாவது உங்களுடையது. நிறுவனம் அப்படியே இருக்க, ஒரு பிரிவை மட்டும் பிரித்து விற்பது. இதில்தான் ஊழியரின் சம்மதம் வேண்டும். பிலிப்ஸின் கொல்கத்தா சால்ட் லேக் ஆலை கைமாறிய வழக்கில், தொழிலாளர்களை அவர்கள் சம்மதமில்லாமல் வேறு நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது, வராதவர்களுக்கு இழப்பீடு உண்டு என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. உங்களிடம் கையெழுத்துக் கேட்பதற்குக் காரணமே உங்கள் சம்மதம் அவர்களுக்குத் தேவைப்படுவதுதான். இதைக் கணவரிடமும் சொல்லுங்கள்.

சம்மதம் வாங்க ராஜினாமாதான் வழி என்பதில்லை. பழைய நிறுவனம், புதிய நிறுவனம், நீங்கள் என மூவரும் கையெழுத்திடும் பணி மாற்றக் கடிதம் ஒன்று போதும். "இந்தத் தேதியில் பணியில் சேர்ந்தவர், பணித் தொடர்ச்சியோடு மாறுகிறார்" என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும். அந்த வரிக்கு என்ன மதிப்பு என்று ரூபாயில் பார்ப்போம்.

உங்கள் அடிப்படைச் சம்பளம் 52,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 30,000. 11 வருடத்துக்கு 3,30,000. ராஜினாமா கொடுத்தால் அதை இப்போதே கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். கையில் மொத்தமாகப் பணம் வரும்போது நல்லதாகத்தான் தோன்றும். ஆனால் புதிய இடத்தில் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும், ஐந்து வருடம் முடியாமல் கிராஜுவிட்டி கிடையாது. நான்கு வருடம் கழித்து, அடிப்படைச் சம்பளம் 65,000 ஆனபோது நீங்கள் விலகுவதாக வைத்துக்கொள்வோம். பணி தொடர்ந்திருந்தால் 15 வருடத்துக்கும் 65,000 என்ற கணக்கில் 5,62,500 வரும். முறிந்திருந்தால், இப்போது வாங்கிய 3,30,000 மட்டும்தான். 2,32,500 ரூபாய் வித்தியாசம்.

அதைவிடப் பெரியது ஆட்குறைப்பு. இரண்டு நிறுவனங்கள் சேரும்போது ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருப்பார்கள். நிதி, ஹெச்.ஆர்., நிர்வாகம் போன்ற பிரிவுகளில் அது முதலில் தெரியும். டெஸ்டிங் டீம்களை ஒன்றாக்கும் பேச்சு, புராஜெக்ட்டுகள் இடம் மாறியபின் வரலாம். தொழிலாளர் சட்டத்தின்படி ஆட்குறைப்பு செய்தால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடு. ஒரு வருடம் கழித்து அது நடந்தால், 12 வருடம் என்று எண்ணுவதற்கும் ஒரே வருடம் என்று எண்ணுவதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் பழைய 11 வருடத்தைப் பற்றி யாரிடமும் பேச முடியாது. கூடவே ஆறு மாதப் பயிற்சிக் காலம் வேறு. 11 வருட அனுபவசாலிக்குப் பயிற்சிக் காலம் எதற்கு? சுலபமாக அனுப்ப ஒரு கதவைத் திறந்து வைப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரிவு கைமாறும்போது தொழிலாளியைப் பாதுகாப்பது முன்பு 1947 தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. பணி முறியக் கூடாது, நிபந்தனைகள் குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு செய்தால் புதிய முதலாளி பழைய வருடங்களையும் சேர்த்து இழப்பீடு தர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், மாறும்போதே பழைய முதலாளி இழப்பீடு தர வேண்டும். இது நிர்வாகப் பணியிலோ, குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் மேற்பார்வைப் பணியிலோ இருப்பவர்களுக்குப் பொருந்தாது. உங்களை டீம் லீட் என்று அழைப்பதாலேயே நீங்கள் நிர்வாகி ஆகிவிட மாட்டீர்கள். பெரும்பாலான நேரம் நீங்களே டெஸ்ட் செய்கிறீர்களா, அல்லது ஆட்களை வைப்பது, நீக்குவது, சம்பள உயர்வு முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கிராஜுவிட்டிக்கும் பி.எஃப்.புக்கும் இந்தப் பிரிவினை இல்லை.

பி.எஃப். பற்றி ஒரே வார்த்தை: எடுக்காதீர்கள். அதே யு.ஏ.என்.னில் (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள். நீங்கள் அதன் பென்ஷன் திட்டத்திலும் உறுப்பினராக இருந்திருந்தால், 10 வருடம் முடிந்துவிட்டதால் பென்ஷன் தகுதியும் வந்துவிட்டது. பழைய நிறுவனம் விலகிய தேதியைச் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பலருக்குப் பணம் சிக்குவது அங்கேதான்.

அம்மாவின் இன்ஷூரன்ஸ்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. புதிய நிறுவனத்தின் குழு பாலிசியில் பெற்றோர் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே கவர் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், இப்போதுள்ள குழு பாலிசியிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு அம்மாவை மாற்ற விண்ணப்பிக்கலாம். குழுவில் இருந்த காலத்தைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். பழைய நிறுவனத்தில் கடைசி நாள் தாண்டுவதற்குள் இதைத் தொடங்கிவிடுங்கள். பிறகு புதிதாக எடுத்தால் சர்க்கரை நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம்.

எல்-1 விஷயத்தில் ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம். அந்த விசா தாய், துணை, சகோதர நிறுவனங்களுக்குள் ஆளை மாற்றுவதற்கானது. உங்கள் பிரிவு வேறு குழுமத்துக்குப் போனபின் பழைய குழுமம் உங்களை அதில் அனுப்ப முடியாது. புதிய நிறுவனத்திடம் முதலிலிருந்து பேச வேண்டும்.

சரி, இந்த வாரம் என்ன செய்வது? ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எண்களும் வேண்டாம். "புதிய நிறுவனத்தில் சேர எனக்கு மகிழ்ச்சியே. என் பணித் தொடர்ச்சி எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும்? கிராஜுவிட்டி, சேர்ந்த விடுப்பு, இந்த வருட போனஸ் ஆகியவை யார் பொறுப்பு? பயிற்சிக் காலம் ஏன்? ராஜினாமாவுக்குப் பதிலாகப் பணி மாற்றக் கடிதம் தர முடியுமா?" இவ்வளவு போதும். வேலையில் சேரச் சம்மதம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவதால், நீங்கள் மறுத்தீர்கள் என்று யாரும் பின்னால் சொல்ல முடியாது.

கணவரின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வீட்டுக் கடன் இருக்கும் வீட்டில் அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தனியாக அனுப்ப வேண்டாம் என்கிறேன். அதே இரண்டு கடிதங்கள் உங்கள் தளத்தில் எல்லோருக்கும் வந்திருக்கும். பத்துப் பேர் ஒரே நாளில் அதே கேள்வியைக் கேட்டால், அது ஒருவரின் பிடிவாதமாகத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான விளக்கம் ஒன்றைத் தயார் செய்ய வேண்டிய கட்டாயம் ஹெச்.ஆருக்கு வரும். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை, தொழிலாளர் சட்டங்களிலிருந்து ஐ.டி. துறைக்கு விலக்கு இல்லை என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. கடைசி வழியாக தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை இருக்கிறது. பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிராது. வாங்குகிற நிறுவனத்துக்கு வேலை தெரிந்த ஆட்கள் முதல் நாளிலேயே வேண்டும், பெயர்ப்பலகை மட்டும் வந்தால் அவர்களுக்குப் பயனில்லை.

அவர்கள் பதில் "முடியாது, ராஜினாமாதான்" என்றால், குறைந்தபட்சம் "சொந்தக் காரணங்களுக்காக" என்பதை எடுத்துவிட்டு "பிரிவு விற்பனையை ஒட்டி, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி" என்று மாற்றச் சொல்லுங்கள். ஆஃபர் லெட்டரில் பழைய பணிக்காலம் ஏற்கப்படும் என்ற வரியைக் கேளுங்கள். இரண்டுக்கும் மறுத்தால், கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் கடிதங்களைக் காட்டிவிடுங்கள். அந்தக் கட்டணத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

அப்புறம், நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், பே-ஸ்லிப்புகள், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாவற்றையும் இன்று இரவே உங்கள் சொந்த மெயிலுக்கோ பென் டிரைவுக்கோ கம்பெனி அனுமதிக்கும் வழியில் எடுத்துவிடுங்கள். உங்களைப் பற்றிய ஆவணங்கள் மட்டும், புராஜெக்ட் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். பிரிவு கைமாறும் நாளில் பழைய லாகின் வேலை செய்யாது.