பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: எதைப் போடுவது என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். 2012இல் வாங்கிய லேப்டாப், இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 ஊர்ந்துகொண்டிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகளுக்காக லினக்ஸ் போடலாமா? இருப்பதிலேயே லேசான லினக்ஸ் எது?

தாராளமாகப் போடலாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. ஆகவே இந்த மெஷினுக்கு லினக்ஸ்தான் சரியான வழி.

ஆனால் "லேசான லினக்ஸ் எது" என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் குன்னூரில் லேப்டாப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். "லினக்ஸ் போட்டும் ஸ்லோவாத்தான் இருக்குங்க" என்று வருகிற மெஷின்களில் பெரும்பாலும் குறை லினக்ஸில் இருப்பதில்லை. ஹார்டு டிஸ்க், ராம், ஃபேன், வைஃபை கார்டு, இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும். இவற்றைக் கவனிக்காமல் ஒவ்வொரு லினக்ஸாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் மகளுடைய படிப்பு நேரம்தான் வீணாகும்.

கையில் இருக்கும் பணத்தை முதலில் எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்குக்கு, செலவழியுங்கள். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி போதும். பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்தான். ஆடாமல் உட்கார வைக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம், வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அதற்கென்று விற்கிற கேடியில் (டிஸ்க்கைத் தாங்கும் சட்டத்தில்) போட்டு அதே இடத்தில் மாட்டினால் படங்களும் பாடங்களும் வைக்க உதவும். அந்த கேடியில் 9.5, 12.7 என்று இரண்டு அளவு உண்டு. அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது ராம். இன்றைக்கு ராமைத் தின்பது பிரவுசர்தான். எந்த லினக்ஸ் போட்டாலும் அது மாறாது. உங்கள் தலைமுறை டிடிஆர்3 எடுக்கும். இருப்பது ஒரே 4 ஜிபி என்றால் இன்னொரு 4 ஜிபி சேர்த்து ஜோடியாகப் போடுங்கள். இதில் தனி கிராபிக்ஸ் இல்லையென்றால், திரையும் அதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஜோடியாக இருந்தால் அதற்கும் வேகம் கூடும். இப்போதைக்கு முடியாது என்றால் இசட்ராம் என்ற லினக்ஸ் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். நினைவகத்தில் சும்மா கிடப்பதை அது சுருக்கி ராமிலேயே வைத்துக்கொள்ளும், டிஸ்க்குக்குத் தள்ளாது. 4 ஜிபி மெஷினில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஃபேன் விஷயத்தை நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை. குளிரான ஊர்தானே, லேப்டாப் எங்கே சூடாகப்போகிறது என்று நினைக்கிறார்கள். பின்மூடியைக் கழற்றி ஃபேனை எடுத்துப் பாருங்கள். காற்று வெளியே போகிற தாமிரத் தகடுகளின் இடுக்கில் தூசியும் அடுப்புப் புகையும் மலை ஈரத்தில் ஊறி, கம்பளித் துண்டு மாதிரி அடைத்திருக்கும். ஊதினால் போகாது, இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அது அடைத்திருந்தால் ப்ராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். துடைத்துவிட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவுங்கள்.

இதையெல்லாம் முடித்த பிறகு லினக்ஸுக்கு வாருங்கள். என் தேர்வு லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரை அமைப்போடு வரும் பதிப்பு. குறைந்தது 2 ஜிபி ராம் கேட்கும், 4 ஜிபி இருந்தால் வசதி. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இதைவிட லேசானவை இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பிளஸ் டூ பிள்ளைக்குத் தேவை திறந்தவுடன் வேலை செய்கிற ஒன்று. (2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்திலேயே பாஸ் என்ற இந்திய லினக்ஸ் கூட வந்தது. நம் வீடுகளுக்கு லினக்ஸ் ஒன்றும் புதிதல்ல.)

டவுன்லோட் 3 ஜிபி அளவு வரும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் கோப்பு பாதியில் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். அந்தத் தளத்திலேயே கொடுத்திருக்கும் செக்சம்மோடு (கோப்பு முழுசாக வந்ததா என்று காட்டும் குறியீடு) ஒப்பிட்டுவிட்டு பென்டிரைவில் ஏற்றுங்கள். டிஸ்க்கில் இருக்கும் முக்கியமானவற்றை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைப்பதையும் மறக்காதீர்கள்.

பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது டிஸ்க்கில் எதையும் மாற்றாமல், ஓட்டிப் பார்க்காமல் இன்ஸ்டால் செய்யவே செய்யாதீர்கள். வேகத்தை அதில் எடை போட முடியாது, பென்டிரைவ் எப்படியும் மெதுவாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது வைஃபை, சத்தம், வெப்கேம், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்கள், டச்பேட். எல்லாவற்றுக்கும் மேலாக மூடியை மூடி, கொஞ்ச நேரம் விட்டுத் திறந்து பாருங்கள். தூங்கிய மெஷின் எழுந்திருக்கவில்லையென்றால், இன்ஸ்டால் செய்தபின் அப்டேட் மேனேஜரில் வேறு கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

வைஃபை சிப் இன்டெல்லோ ஏதெராஸோ என்றால் அநேகமாகத் தானாகவே ஓடும். பிராட்காம் என்றால் தனி டிரைவர் தேவைப்படலாம். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று பலர் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போடுங்கள், லினக்ஸ் அதை உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும்.

பாட வீடியோ பார்க்கும்போது மெஷின் திணறுவதற்கும் ஒரு காரணம் உண்டு. யூடியூப் பெரும்பாலும் விபி9 வடிவில் அனுப்புகிறது. உங்கள் சிப்பில் இருக்கும் வன்பொருளுக்கு ஹெச்.264தான் தெரியும், விபி9 தெரியாது. முழுச்சுமையும் ப்ராசஸர் தலையில் விழும். ஃபயர்ஃபாக்ஸில் ஹெச்264இஃபை (h264ify) என்ற ஆட்-ஆனைப் போட்டால் யூடியூப் ஹெச்.264 வடிவிலேயே கொடுக்கும். வீடியோ வேலையை அந்த வன்பொருளிடம் ஒப்படைக்கிற, இன்டெல்லின் பழைய ஐ965 விஏ டிரைவரையும் சேர்த்துப் போடுங்கள். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களை 720இல் வைத்துப் பார்த்தால் போதும், கரும்பலகை எழுத்து தெளிவாகத் தெரியும்.

உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் மழை அதிகம். மரம் விழுந்து கரண்ட் போவதும் அப்போதுதான். செத்த பேட்டரியோடு ஓட்டினால் ஒவ்வொரு கரண்ட் கட்டிலும் மெஷின் பட்டென்று அணையும், எழுதிக்கொண்டிருந்தது போய்விடும். பேட்டரி ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். சார்ஜ் மிகக் குறைந்ததும் தானாக ஷட்டவுன் ஆகும்படி பவர் மேனேஜரில் வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் லேப்டாப்பை பீரோவுக்குள் பூட்டி வைக்க வேண்டாம், தினமும் கொஞ்ச நேரம் ஓடினாலே ஈரம் தங்காது.

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் எடுத்திருந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேண்டிய பைத்தான் மின்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் தட்டச்ச ஐபஸ், அதோடு எம்17என் என்ற இரண்டு மென்பொருள்களையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

லைவாக ஓட்டும்போது டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையைக் கொடுங்கள். அதில் நெட்வொர்க் என்று வருகிற வரியை இங்கே கருத்தில் போடுங்கள். பிராட்காம் என்றால் எந்த டிரைவர் என்று மாடலைப் பார்த்துச் சொல்கிறேன்.