வெயிலுக்கு ஏற்ற ஒயின், பத்து யூரோவுக்குள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன: வெயிலுக்கு எது இதமாக இருக்கும், விலை கட்டுப்படியாகுமா? பிரான்ஸில் ஒயின் விற்கும் வேலையில் பல கோடைகளைக் கழித்தவன் நான். வெயில் நேரத்தில் நாக்கு தேடுவது புளிப்பைத்தான். நீர்மோரும் பானகமும் எலுமிச்சைச் சாறும் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புளிப்பு தூக்கலாகவும் ஆல்கஹால் குறைவாகவும் உள்ள ஒயின்கள் ஐரோப்பாவில் மலிவாகவே கிடைக்கின்றன. அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் மீனோடும் ரொட்டியோடும் அன்றாடம் குடிப்பவை அவை. கீழே வரும் விலைகள் பிரான்ஸ், ஜெர்மனி கடைகளில் நான் பார்ப்பவை.

கேள்வி: பன்னிரண்டு நண்பர்களோடு பூங்காவில் மதியச் சாப்பாடு. ஒயின் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போய் வாங்கி வந்துவிடுகிறேன்.

வின்யோ வெர்டே. போர்ச்சுகலின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் மழை நன்றாகப் பெய்கிற மின்யோ பகுதியில் விளைகிறது. பெயருக்கு நேர்ப் பொருள் 'பச்சை ஒயின்'. நிறம் பச்சை அல்ல. இளமையிலேயே குடிக்க வேண்டியது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அந்த ஈரமான, பசுமையான ஊருக்கும் அது பொருந்துகிறது. 1908-லேயே இதற்கு எல்லை வகுத்துவிட்டார்கள். அங்கே திராட்சைக் கொடியை உயரமான பந்தலில் ஏற்றி, கீழே காய்கறி பயிரிடுவது பழைய வழக்கம். நம் ஊர்ப் புடலைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

ஆல்கஹால் பெரும்பாலும் 9 முதல் 11.5 சதவீதம். திறந்தவுடன் நாக்கு நுனியில் மெல்லிய சுறுசுறுப்பு தெரியும், புதிதாக இறக்கிய கள்ளில் இருப்பதுபோல. மலிவான பாட்டில்களில் இந்தக் குமிழியை அடைக்கும்போது சேர்க்கிறார்கள். அதில் குற்றமில்லை. 4 யூரோவிலிருந்து 7 யூரோ வரை நிறையக் கிடைக்கும். லேபிளில் 'லொரெய்ரோ' என்ற திராட்சைப் பெயர் இருந்தால் இன்னும் ஒரு யூரோ கூடுதலாகக் கொடுத்து அதை எடுங்கள்; பூ வாசனை தனியாகத் தெரியும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஆண்டைப் பாருங்கள், அண்மைய அறுவடையாக இருக்கட்டும். மூன்று வருடம் அலமாரியில் கிடந்த மலிவான வின்யோ வெர்டேயில் உயிர் இருக்காது.

ஜூன் 23 இரவு போர்ட்டோ நகரில் புனித யோவான் திருவிழா. தெருவோரம் கரி அடுப்பில் மத்தி மீன் சுட்டு, ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கொடுப்பார்கள். மீனின் எண்ணெய் ரொட்டியில் ஊறி விரல் வழியே வழியும். அதைக் கடித்துவிட்டு இந்த ஒயினை ஒரு மடக்கு குடித்தபோது, பிசுபிசுப்பு முழுவதையும் அது துடைத்துக்கொண்டு போனது. புளிப்பு செய்யும் வேலை என்ன என்பதை நான் புரிந்துகொண்டது அங்கேதான். பன்னிரண்டு பேருக்கு ஆறு பாட்டில் போதும். அதே அளவு தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: இறாலும் சிப்பியும் வாங்கியிருக்கிறோம். ஷாப்லி என்ற விலையுயர்ந்த பிரெஞ்சு வெள்ளை ஒயினை வாங்கக் கையில் பணம் இல்லை. மாற்று உண்டா?

இரண்டு உண்டு, இரண்டும் பிரான்ஸிலேயே.

முதலாவது முஸ்கதே. லுவார் ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகில், நாந்த் நகரைச் சுற்றி விளைவது. 1709-ல் பிரான்ஸை உலுக்கிய கடுங்குளிரில் அந்தப் பகுதியின் கொடிகள் கருகிப்போயின. குளிரைத் தாங்கக்கூடியது என்று பர்கண்டியிலிருந்து வந்த 'மெலோன்' என்ற திராட்சையை அதற்குப் பிறகு பரவலாக நட்டார்கள். அந்தத் திராட்சைக்குத் தனக்கென்று பெரிய வாசனை கிடையாது. அதனால் ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டார்கள்: நொதித்து முடிந்த ஒயினை வடிக்காமல், அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுவதும் விட்டுவிடுவது. வண்டலிலிருந்து ஒரு சதைப்பற்றும், வேகவைத்த ரொட்டி மாவின் மணமும், லேசான உப்புச் சாயலும் ஏறுகின்றன. லேபிளில் 'சுர் லி' என்று இருந்தால் இப்படிச் செய்தது என்று அர்த்தம். அது இல்லாத முஸ்கதேயை எடுக்காதீர்கள்.

இரண்டாவது பிக்பூல் த பினே. மத்தியதரைக் கடலோரம், சிப்பி வளர்க்கும் தோ கடற்கழிக்கு அருகில் விளைகிறது. மேசையில் வைத்தால் எலுமிச்சை பிழியத் தேவையில்லாத அளவுக்குப் புளிப்பு. பச்சை நிறத்தில் ஒல்லியான, உயரமான பாட்டிலில் வரும். கடையில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். இரண்டும் 6 முதல் 9 யூரோ. சிப்பிக்கு முஸ்கதே, பூண்டு போட்டு வதக்கிய இறாலுக்குப் பிக்பூல் என்பது என் பழக்கம்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாமே காரம். ஒயின் குடித்தால் வாய் இன்னும் எரிகிறது. ஒயினே ஒத்துவராதா?

ஒத்துவரும். தேர்வுதான் தவறு. 14 சதவீதம் ஆல்கஹாலும் அழுத்தமான துவர்ப்பும் உள்ள சிவப்பு ஒயினைக் காரத்தோடு குடித்தால் எரிச்சல் கூடும். ஆல்கஹாலுக்கே ஒரு சூடு உண்டு; மிளகாயின் சூட்டோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். உங்களுக்கு வேண்டியது குறைந்த ஆல்கஹால், கொஞ்சம் இனிப்பு, நிறையப் புளிப்பு. இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த ஒயின் ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங்.

லேபிளில் 'காபினெட்' என்ற சொல்லைத் தேடுங்கள். 8, 9 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் அதில் இனிப்பு மீந்திருக்கிறது என்று கொள்ளலாம், ஏனென்றால் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறும் முன்பே நொதிப்பு நின்றிருக்கிறது. 'ட்ரோக்கன்' என்று இருந்தால் இனிப்பு இராது. இடைப்பட்டது 'ஃபைன்ஹெர்ப்'. ஆற்றின் மேல் செங்குத்தாக எழும் கரும்பலகைக் கல் சரிவுகளில் கொடிகள் நிற்கின்றன. சில இடங்களில் சரிவு 60 பாகைக்கும் மேல். இயந்திரம் ஏற முடியாது, ஆட்கள்தான் தொங்கிக்கொண்டு பறிக்க வேண்டும். அந்த உழைப்புக்கு 9, 10 யூரோ என்பது மிகக் குறைந்த விலை என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.

மிளகு போட்ட கோழி வறுவலோடு நன்றாகக் குளிர்ந்த காபினெட்டை வைத்துப் பாருங்கள். மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ற நாக்குக்கு இந்தச் சேர்க்கை உடனே பிடிபடும்.

கேள்வி: என் கணவர் சிவப்பு ஒயின் தவிர வேறு எதையும் தொடமாட்டார். 33 டிகிரி வெயிலில் என்ன கொடுப்பது?

சிவப்பையே கொடுங்கள், குளிர வைத்து. சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலை'யில் பரிமாற வேண்டும் என்ற விதி, கல் சுவர் வீடுகளில் அறையே 16, 17 டிகிரியாக இருந்த காலத்தது. இன்றைய கோடைச் சமையலறையில் 28 டிகிரிக்கு ஏறிய சிவப்பு ஒயின் சாராய நெடி அடிக்கும். எந்தச் சிவப்பானாலும் பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வாங்க வேண்டியது பிரான்ஸின் போஜொலே. காமே என்ற திராட்சையைப் பிழியாமல் முழுக் குலைகளாகவே தொட்டியில் போட்டு, கரியமில வாயு சூழ நொதிக்க வைக்கிறார்கள். நொதிப்பு பழத்துக்குள்ளேயே தொடங்கிவிடுவதால் தோலின் துவர்ப்பு அதிகம் இறங்குவதில்லை. பழச்சுவை மேலே நிற்கிறது. துவர்ப்பு உள்ள ஒயினைக் குளிர வைத்தால் கசக்கும். இது கசக்காது. 12, 13 டிகிரியில் குடிக்கலாம். சாதாரண போஜொலே, போஜொலே வில்லாஜ் இரண்டும் 6 முதல் 10 யூரோ. ஷிரூப்ல், ஃப்ளூரி போன்ற தனி ஊர்ப் பெயர் கொண்டவை இன்னும் அருமை, விலையும் கூடும்.

வீட்டில் தோட்டத்து அடுப்பில் இறைச்சி சுடுகிறீர்கள் என்றால் இத்தாலியின் லம்ப்ரூஸ்கோவையும் நினைவில் வையுங்கள். குமிழியிடும் சிவப்பு ஒயின். லேபிளில் 'செக்கோ' என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் குளிர்பானம்போல இனிக்கும்.

கேள்வி: ரோசே (இளஞ்சிவப்பு ஒயின்) வெளிறிய நிறத்தில் இருந்தால்தான் நல்லதாமே?

இல்லை. நிறம் தோல் எவ்வளவு நேரம் சாற்றில் ஊறியது என்பதைக் காட்டுகிறது, தரத்தை அல்ல. ப்ரோவான்ஸின் வெளிறிய ரோசே உலகம் முழுவதும் பெயர் வாங்கிவிட்டதால், நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தப் பெயருக்கும் அழகான பாட்டிலுக்கும் போகிறது. அடர்ந்த செர்ரி நிறத்தில் வரும் இத்தாலியின் செரசுவோலோ தப்ருஸ்ஸோவையோ ஸ்பெயினின் நவார்ரா ரோசேயையோ எடுத்துப் பாருங்கள். 5 முதல் 9 யூரோவுக்குள் சாப்பாட்டோடு நிற்கக்கூடிய உடம்புள்ள ஒயின் கிடைக்கும்.

சிவப்பையும் வெள்ளையையும் கலந்து ரோசே செய்கிறார்களா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2009-ல் ஐரோப்பிய ஆணையம் அப்படி அனுமதிக்க யோசித்தது. பிரான்ஸின் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஷாம்பெயின் போன்ற குமிழியிடும் ரோசேக்களுக்கு அந்தக் கலப்பு உண்டு.

கேள்வி: 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்ட புரொசெக்கோ (இத்தாலியின் குமிழியிடும் ஒயின்) வாங்கினேன். இனிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. ஒயினில் 'டிரை' என்றால் பொதுவாக இனிப்பில்லாதது என்று பொருள்; இங்கே பழைய பெயரிடும் முறை உங்களைக் குழப்பிவிட்டது. 'எக்ஸ்ட்ரா டிரை'யில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருக்கும். 'புரூட்' என்பதில் 12-க்குள். வெறும் 'டிரை' இவை இரண்டையும்விட இனிப்பு. இனிப்பு வேண்டாம் என்றால் 'புரூட்' கேளுங்கள். அதே விலைக்கு ஸ்பெயினின் குமிழியிடும் ஒயினான காவா கிடைக்கும். ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, குறைந்தது 9 மாதம் வண்டலோடு கிடந்தது. 7 யூரோ காவாவில் உள்ள உழைப்பு 7 யூரோ புரொசெக்கோவில் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

கேள்வி: விருந்தாளிகள் வாசலில் நிற்கிறார்கள், ஒயின் சூடாக இருக்கிறது!

வாளியில் ஐஸ், அதே அளவு தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. பாட்டில் கழுத்துவரை முங்க வேண்டும். 15 நிமிடம். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு இடையே காற்று நிற்கும். தண்ணீர்தான் கண்ணாடியை முழுவதும் தொட்டுச் சூட்டை இழுக்கும். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்தால் தக்கை பிதுங்கிவிடும், சில நேரம் பாட்டிலே வெடித்துவிடும்.

கேள்வி: கோப்பையில் ஐஸ் போடுவதும் சோடா கலப்பதும் பாவமா?

பாவமில்லை. ஸ்பெயினில் கோடை முழுவதும் சிவப்பு ஒயினில் பாதிக்குப் பாதி இனிப்புச் சோடாவும் ஐஸும் எலுமிச்சைத் துண்டும் போட்டு 'டின்டோ தே வெரானோ' என்று குடிக்கிறார்கள். 'கோடைச் சிவப்பு' என்று பொருள். ஆஸ்திரியாவில் வெள்ளை ஒயினும் சோடாவும் சரிபாதி. இதற்கு 4 யூரோ ஒயின் போதும். மோசெல் ரீஸ்லிங்கில் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: மத்தியானம் வெளியே இரண்டு கோப்பை குடித்தாலே தலை வலிக்கிறது. ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, வெள்ளையில் 200 வரை சல்ஃபைட் இருக்கலாம். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் இதைவிட நிறைய உண்டு. அதைத் தின்றால் உங்களுக்குத் தலைவலி வருவதில்லை என்றால் காரணம் வேறு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் சல்ஃபைட் மூச்சுத் திணறலைத் தூண்டும். அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது ஆல்கஹால் மேலும் நீரை வெளியேற்றுகிறது. ஒரு கோப்பை ஒயினுக்கு ஒரு கோப்பை தண்ணீர், வெறும் வயிற்றில் கூடாது, நிழலில் உட்காருங்கள். வண்டி ஓட்ட வேண்டிய நாளில் வேண்டவே வேண்டாம். இன்னொரு வாசகி, கர்ப்பமாக இருக்கும் தங்கைக்கு 5 சதவீத மொஸ்காதோ என்ற இனிப்பு ஒயின் தரலாமா என்று கேட்டிருந்தார். தரக்கூடாது அம்மா, ஒரு மடக்குகூட.

கேள்வி: நீங்கள் கோடையில் என்ன குடிக்கிறீர்கள்?

மன்சானியா. தென் ஸ்பெயினில் குவாதல்கிவீர் ஆறு கடலில் கலக்கும் சான்லூகர் ஊரில் மட்டும் முதிர வைக்கும் ஷெர்ரி வகை; ஷெர்ரி என்பது ஆல்கஹால் சேர்த்து வலுவாக்கிய ஸ்பானிய ஒயின், செர்ரிப் பழம் அல்ல. பீப்பாயை முழுவதும் நிரப்பாமல் விடுகிறார்கள். ஒயினின் மேல் ஈஸ்ட் ஓர் ஏடாகப் படர்கிறது, காய்ச்சிய பாலில் ஆடை படர்வதுபோல. ஸ்பானியர்கள் அதைப் 'பூ' என்றே அழைக்கிறார்கள். அந்த ஏடு காற்றை அண்டவிடாது; ஒயினில் உள்ள சர்க்கரையின் மிச்சத்தையும் தின்றுவிடும். கடற்காற்றின் ஈரத்தில் ஏடு தடித்து வளர்வதால்தான் சான்லூகருக்கு அந்தத் தனிச்சுவை: பச்சை பாதாம், சீமைச்சாமந்திப்பூ, உப்பு.

முதல் மடக்கில் பலருக்குப் பிடிக்காது. வறுத்த முந்திரியோ நெத்திலிப் பொரியலோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது மடக்கு குடியுங்கள். 15 சதவீதம் என்பதால் சிறிய கோப்பை போதும். 375 மில்லி அரைப் பாட்டிலாக வாங்குங்கள், 5 முதல் 8 யூரோ இருக்கும். திறந்தபின் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சமையலறை அலமாரியில் மாதக்கணக்காகத் திறந்து கிடந்த பாட்டிலைக் குடித்துவிட்டுத்தான் பலர் ஷெர்ரியை வெறுத்திருக்கிறார்கள்.